தம்பிக்கு வி.ஆர். சிகிச்சை எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். என் தம்பிக்கு 36 வயது. போன வருஷம் அப்பா தவறிவிட்டார். கொஞ்ச நாளிலேயே தம்பி வேலை பார்த்த கம்பெனியையும் மூடிவிட்டார்கள். அதிலிருந்து அவன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. குளிக்கச் சொல்லிக்கூட அம்மா கெஞ்ச வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் வாரம் தவறாமல் அப்பாவோடு ப்ளூ லகூனுக்குத் தூண்டில் போடப் போவான். இப்போது அந்தப் பேச்சே இல்லை. குடும்ப டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்து ஏழு வாரம் ஆகிறது. திரும்ப வரச் சொன்னார், இவன் போகவில்லை. சைக்காலஜிஸ்டிடம் இரண்டு தடவை போனான். "அங்கே போய் என்னத்தைப் பேசுறது" என்று நிறுத்திவிட்டான். போன மாதம் என் மகன் தன்னுடைய வி.ஆர். கண்ணாடியை (நிஜம்போல் ஒரு உலகத்தைக் கண்முன் காட்டும் கருவி) அவனுக்கு மாட்டிவிட்டான். கடலுக்கடியில் மீன்கள் நீந்தும் காட்சி. இருபது நிமிஷம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றான். எத்தனையோ மாதம் கழித்து அவன் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை அது. இப்போது ஒரு மையத்தில் மனச்சோர்வுக்கு வி.ஆர். சிகிச்சை தருவதாகச் சொல்லி, பத்து தடவைக்கு 18,000 ரேண்ட் கேட்கிறார்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்ட வேண்டுமாம். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடலாம் என்கிறார்கள். தம்பியோ, "எனக்கு எதுக்குச் செலவு, நான் இல்லாட்டி உங்களுக்கு மிச்சம்" என்கிறான். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அம்மாவின் நம்பிக்கை. அவனுடைய மெடிக்கல் எய்டை, அதாவது மருத்துவக் காப்பீட்டை, நாங்கள்தான் இன்னும் கட்டி வருகிறோம். நகையை அடகு வைத்து இந்தச் சிகிச்சைக்குப் பணம் கட்டட்டுமா? இல்லை, நாங்களே ஒரு கண்ணாடி வாங்கி வீட்டிலேயே பார்க்க வைக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நகையை அடகு வைக்க வேண்டாம். ஏன் என்று பிறகு விரிவாகச் சொல்கிறேன். அதைவிட அவசரமான விஷயம் ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது.

"நான் இல்லாட்டி உங்களுக்கு மிச்சம்" என்று தம்பி சொன்னதைச் செலவுக் கணக்காக நினைத்துக் கடந்து போய்விடாதீர்கள். தான் வீட்டுக்குப் பாரம் என்ற எண்ணம் மனச்சோர்வில் வரும். அது முற்றும்போது உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பாக மாறக்கூடும். இன்றைக்கே, வேறு யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து நேராகக் கேளுங்கள்: "தம்பி, செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்டதும் ஒரு பாரம் இறங்கியதுபோல் அழுபவர்களும் உண்டு. "ஆமாம்" என்று சொன்னால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறானா என்று கேளுங்கள். வழியையும் யோசித்து வைத்திருந்தால் அவனைத் தனியாக விடாமல் அன்றைக்கே ஆர்.கே. கான் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு மற்றும் பதற்றக் குழு, அதாவது சடாக், நடத்தும் இலவச உதவி எண் 0800 567 567. அதை வீட்டில் எல்லாருடைய போனிலும் போட்டு வையுங்கள். அவன் என்ன பதில் சொன்னாலும் சரி, மாத்திரைப் பெட்டி அம்மாவிடம் இருக்கட்டும். தினமும் வேளைக்கு உள்ளதை மட்டும் எடுத்துக் கொடுக்கட்டும்.

சரி, வி.ஆர். கண்ணாடிக்கு வருவோம்.

மனநல சிகிச்சைக்கு இது புதிய வரவு இல்லை. 1995-லேயே அமெரிக்காவில் பார்பரா ராத்பாம், லாரி ஹாட்ஜஸ் குழுவினர் உயரத்தைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு இதைப் பயன்படுத்தி ஆய்வு வெளியிட்டார்கள். கணினியில் வரைந்த பால்கனி, பாலம், கண்ணாடி லிஃப்ட் ஆகியவற்றில் அவர்களை நிற்க வைத்தார்கள். படம்தான் என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் கால் நடுங்கும், உள்ளங்கை வேர்க்கும். அந்த நடுக்கம் அடங்கும்வரை அங்கேயே நிற்கப் பழகினால், நிஜ மாடியிலும் பயம் குறைகிறது. பயம் சார்ந்த நோய்களுக்கு இந்த முறை நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதற்குப் பின் நிறைய ஆதாரம் சேர்ந்துவிட்டது.

மனச்சோர்வின் கதை வேறு. உங்கள் தம்பிக்கு இன்னது என்று சுட்டிக்காட்டக்கூடிய ஒரு பயம் இல்லை. எதிலும் ருசி இல்லை, எழுந்திருக்கத் தெம்பு இல்லை, தன்னைப் பற்றி நல்லதாக ஒரு நினைப்பு இல்லை. வெளியே போகாததால் நல்லது எதுவும் நடப்பதில்லை. நல்லது எதுவும் நடக்காததால் வெளியே போகத் தோன்றுவதில்லை. இந்தச் சுழலுக்குள் வி.ஆர். எந்த இடத்தில் கை கொடுக்கும் என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் இப்போதுதான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படித் தேடியதில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். லண்டன், பார்சிலோனா பல்கலைக்கழகக் குழு ஒன்று 2016-ல் வெளியிட்டது. மனச்சோர்வு உள்ள 15 பேர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். உள்ளே ஒரு பெரியவரின் உருவம் அவர்களுடையதாகிறது; இவர்கள் கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும். எதிரே ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கிறது. அதைச் சமாதானப்படுத்த வேண்டும். இவர்கள் பரிவாகப் பேசப் பேசக் குழந்தை அழுகையை நிறுத்தி இவர்களை நிமிர்ந்து பார்க்கிறது. அப்புறம்தான் முக்கியமான கட்டம். காட்சி மாறி இவர்களே அந்தக் குழந்தையின் உடம்புக்குள் வந்துவிடுகிறார்கள். சற்று முன் தாங்கள் பேசிய பேச்சு, தங்கள் குரலிலேயே, தங்கள் கையசைவோடு தங்களை நோக்கி வருகிறது. தனக்குத்தானே ஒரு நல்ல வார்த்தை சொல்லிக்கொள்ள முடியாதவருக்கு, அதை அவர் வாயாலேயே சொல்ல வைத்து அவர் காதிலேயே கேட்க வைக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சுமார் எட்டு நிமிஷம், வாரம் ஒன்றாக மூன்று தடவை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது 15 பேரில் ஒன்பது பேருக்குச் சோர்வு குறைந்திருந்தது; அதில் நான்கு பேருக்குக் குறிப்பிடத்தக்க அளவு. பிறகு நிஜ வாழ்க்கையில் தவறு நேர்ந்தபோது முன்போலத் தங்களைத் திட்டிக்கொள்ளவில்லை என்று சிலர் சொன்னார்கள்.

படிக்கும்போதே மனசு இளகுகிற ஆய்வுதான். ஆனால் 15 பேர் என்பது கொஞ்சம் பேர். ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை எடுக்காத இன்னொரு குழுவும் அதில் கிடையாது. இதை வைத்துக்கொண்டு யாரும் உங்களிடம் 18,000 ரேண்ட் வாங்குவது நியாயம் இல்லை.

இன்னொன்று உங்கள் தம்பிக்கு நேரடியாகப் பொருந்தும். மனச்சோர்வுக்கு நல்ல ஆதாரம் உள்ள பேச்சுச் சிகிச்சைகளில் ஒன்று, மனசு சரியாகட்டும் என்று காத்திருக்காமல் சின்னச் சின்னச் செயல்களை நேரம் குறித்துச் செய்ய வைப்பது. செயல் முன்னால் போனால் மனசு பின்னால் வரும் என்பது இதன் கணக்கு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் அந்தச் செயல்களில் சிலவற்றை வி.ஆர். கண்ணாடிக்குள் செய்ய வைத்துப் பார்த்தார்கள். 2024-ல் வெளியான அவர்களுடைய ஒப்பீட்டு ஆய்வில் 26 பேர். ஒரு பாதி கண்ணாடியோடு, மறு பாதி வழக்கமான முறையில் வெளியுலகத்தில். இரண்டு தரப்பிலும் சோர்வு குறைந்தது. இரண்டுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: எழுந்து வெளியே போகவே முடியாதவருக்குக் கண்ணாடி முதல் படியாக இருக்கலாம். அதே நேரம், கண்ணாடி இல்லாமல் உங்கள் ஊர் பங்களாதேஷ் மார்க்கெட் வரை நடந்து போய்க் கொஞ்சம் மடும்பிக் கிழங்கும் கறிவேப்பிலையும் வாங்கி வந்தாலும் அதே பலன் கிடைக்கக்கூடும். அதற்கு அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

"நல்லா இருக்கு" என்று சொன்னானே, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தோஷப்படும் சக்தி அவனிடம் செத்துப் போய்விடவில்லை என்பதற்கு அது சாட்சி. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் தனித்தனியாக எழுதிய இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பாருங்கள். அப்பாவோடு வாரா வாரம் தூண்டில் போடப் போனவன் அவன். இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. கண்ணாடிக்குள் கண்டதோ கடலும் மீனும். அந்த இருபது நிமிஷத்தில் அவனுக்குப் பிடித்தது கருவியா, கடலா, அப்பாவின் நினைவா? எனக்குத் தெரியாது, அவனைத்தான் கேட்க வேண்டும். "என்னத்தைப் பேசுறது" என்று சைக்காலஜிஸ்டிடமிருந்து வந்துவிட்டானே, அவன் அங்கே பேச வேண்டியது இதுவாகவே இருக்கலாம். அப்பாவுக்காக அவன் சரியாக அழுதானா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வேலை போன அடி உடனே விழுந்ததில், துக்கம் அப்படியே உள்ளே தங்கியிருக்கலாம்.

அதனால் புதிதாகக் கண்ணாடி வாங்க வேண்டாம். உங்கள் மகனிடம் இருப்பதே போதும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், சாயங்காலத்தில், பத்து பதினைந்து நிமிஷம், மகன் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். நிற்க வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். கண் "நகர்கிறோம்" என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "இல்லை" என்கிறது. இந்த முரண்பாட்டால்தான் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வருகின்றன. வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். பார்த்து முடித்த கையோடு கார் ஓட்டக் கூடாது. வலிப்பு வந்த வரலாறு இருந்தாலோ, சுற்றியிருப்பது எதுவும் நிஜம்போல் இல்லை என்ற உணர்வு அவனுக்கு வந்தாலோ, டாக்டரைக் கேட்காமல் மாட்டவே கூடாது. ராத்திரியில் அறைக்குள் தனியாக மாட்டிக்கொண்டு கிடக்க விடாதீர்கள். ஒளிந்துகொள்ள இன்னொரு அறையாக அது மாறிவிடும்.

கழற்றியதும் என்ன செய்கிறான் என்பதில்தான் பலன் இருக்கிறது. முதல் வாரத்தில் மாமனும் மருமகனும் வாசல் படியில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தால் போதும். அடுத்த வாரம் தெருமுனை வரை நடக்கலாம். அப்புறம் ஒரு நாள் ப்ளூ லகூனுக்குக் காரில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஆற்று முகத்துவாரத்தில் மற்றவர்கள் தூண்டில் போடுவதைப் பார்க்கட்டும். முதல் தடவையே தூண்டிலைக் கையில் கொடுக்க வேண்டாம். அங்கே அழுதால் அழ விடுங்கள், உடனே கிளப்பிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கடலில் காற்று அதிகமாக இருக்கிற நாளாக இருந்தால், உஷாக்கா மெரைன் வேர்ல்டில் நிஜ மீன்களைக் கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்க்கலாம்.

ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் மனசு எப்படி இருக்கிறது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண், முடித்த பின் ஒரு மதிப்பெண் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். "எதுவும் நல்லா இருக்காது" என்பது மனச்சோர்வு திரும்பத் திரும்பச் சொல்லும் பொய். போகும் முன் இரண்டு, வந்த பின் நான்கு என்று அவன் கையெழுத்திலேயே இருந்தால், அந்தப் பொய்க்கு அவனே பதில் சொல்ல முடியும். மதிப்பெண் ஏறாத நாளும் இருக்கும். அன்றைக்கு "பார்த்தியா, முயற்சியே பண்ணல" என்று யாரும் சொல்லக் கூடாது.

பேச ஒரு மனிதர் அவசியம் என்பதையும் விட்டுவிட முடியாது. நம் பக்கத்து நாடான ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து மருத்துவ நிலையங்களில் மர பெஞ்சுகளில் உட்கார வைத்தார். அவர்கள் நோயாளியின் கதையைக் கேட்டு, ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுத்து, அதற்கு அடுத்த வாரத்துக்குள் ஒரு வழி தேட உதவுவார்கள். 573 பேரைக் கொண்டு ஹராரேயில் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. ஆறு மாதம் கழித்து, பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு மற்றவர்களைவிட மனச்சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது. கருவி ஒன்றுமில்லை, ஒரு பெஞ்சுதான். மனச்சோர்வுக்கு விலையுயர்ந்த சாதனம்தான் தேவை என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தம்பி மறுபடியும் சைக்காலஜிஸ்டிடம் போக வேண்டும். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். அவன் பேசாவிட்டால் பரவாயில்லை. அப்பா, தூண்டில், கண்ணாடிக்குள் பார்த்த மீன் இந்த மூன்றையும் நீங்கள் சொல்லிவிட்டு வெளியே வந்து உட்காருங்கள். முன்பு பார்த்தவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் வேறொருவரைப் பார்ப்பதில் தவறில்லை. செலவுக்கு மெடிக்கல் எய்டைக் கேளுங்கள். தீவிர மனச்சோர்வு, நம் நாட்டுச் சட்டப்படி எல்லா மெடிக்கல் எய்டும் தந்தே ஆக வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் வருகிறது: வருஷத்துக்கு மூன்று வாரம் வரை மருத்துவமனைச் சிகிச்சை, அல்லது வெளியிலிருந்தே 15 தடவை வரை மனநல ஆலோசனை. டாக்டர் நோயின் குறியீட்டைச் சரியாக எழுதி, படிவம் அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். கேட்காதவர்களுக்கு இது பெரும்பாலும் கிடைப்பதில்லை. பலருடைய 15 தடவையும் வருஷா வருஷம் வீணாகப் போவதைப் பார்க்கிறேன், மனசு ஆறவில்லை.

மாத்திரை விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். எழுதிக் கொடுத்த டாக்டரைத் தவிர வேறு யார் "விட்டுவிடலாம்" என்று சொன்னாலும் கேட்காதீர்கள். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரலாம், நோயும் கூடலாம். ஏழு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் மாற்றம் தெரியவில்லை என்றால், அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா என்று டாக்டர் முடிவு செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது. இந்த வாரமே போங்கள். உண்மையிலேயே தினமும் விழுங்குகிறானா என்பதையும் அன்பாக விசாரித்துக்கொண்டு போங்கள்.

அம்மா காவடி வேண்டிக்கொள்ளட்டும். கணவரை இழந்த துக்கத்தில், மகனையும் இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது ஒரு பிடிமானம். இரண்டே இரண்டு விஷயங்களை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தம்பியைக் காவடி தூக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவோ, "உனக்கு நம்பிக்கை இல்லை, அதான்" என்று சொல்லவோ கூடாது. விரதம் என்ற பேரில் மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. அம்மாவின் காவடிக்குச் சாமந்திப்பூ கோக்க ஒரு கை வேண்டும் என்று அவனைக் கூப்பிடுங்கள். அரை மணி நேரம், நாலு பேரோடு, கையில் ஒரு வேலை. நான் மேலே சொன்ன சிகிச்சையில் எழுதிக் கொடுக்கும் வீட்டுப்பாடமும் ஏறக்குறைய இதேதான்.

இவ்வளவுக்குப் பிறகும் தம்பியே விரும்பி "அந்த வி.ஆர். சிகிச்சைக்குப் போகிறேன்" என்றால் தடுக்காதீர்கள். எதுவும் வேண்டாம் என்று கிடந்தவனுக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றுவதே பெரிய விஷயம். ஆனால் மையத்துக்கு முதலில் நீங்கள் போன் பண்ணுங்கள். சிகிச்சை தருபவரின் முழுப் பெயரைக் கேட்டு, நம் நாட்டுச் சுகாதாரத் தொழில் மன்றமான எச்.பி.சி.எஸ்.ஏ.யின் இணையப் பதிவேட்டில் சைக்காலஜிஸ்டாகவோ மனநல மருத்துவராகவோ பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிக்குள் தம்பி வெறுமனே காட்சி பார்ப்பானா, ஏதாவது செய்வானா என்று கேளுங்கள். கடற்கரையையும் அருவியையும் காட்டி அனுப்புவதற்குப் பெயர் சிகிச்சை இல்லை. அதை உங்கள் மகனே செய்துவிட்டான். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் இடையில் வீட்டில் செய்ய என்ன தருவார்கள், திடீரென்று மோசமானால் யாரைக் கூப்பிடுவது, அவனுடைய டாக்டரோடு பேசுவார்களா என்பதையும் கேளுங்கள். முன்னேற்றத்தை எப்படி அளப்பார்கள் என்றும் கேளுங்கள். பி.எச்.க்யூ.-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு; 27 மதிப்பெண்ணுக்குப் பார்ப்பார்கள், எண் கூடக் கூடச் சோர்வு அதிகம். முதல் நாளே அதை நிரப்பி வாங்காத இடம் எனக்குச் சரியாகப் படவில்லை.

பதில்கள் திருப்தியாக இருந்தால் ஒரு தடவைக்கு மட்டும் பணம் கட்டுங்கள். பிடித்திருந்தால் அடுத்த தடவைக்கு அப்போது கட்டிக்கொள்ளலாம். மொத்தமாகக் கட்டினால்தான் சேர்ப்போம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நாலு தடவைக்குப் பிறகு அந்தத் தாளை மறுபடியும் நிரப்பச் சொல்லி, அந்த எண்ணை அவனுடைய டாக்டரிடம் காட்டுங்கள். எண் இறங்காமல் இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.